பரதநாட்டிய வகுப்பும் பிள்ளையின் மனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் 22 ஆண்டுகளாகப் பரதநாட்டியம் கற்பித்து வருகிறேன். வகுப்பு முடிந்து பிள்ளைகளை அழைத்துப் போக வரும் பெற்றோர் வாசலில் நின்று கேட்கும் கேள்விகளும், பிற ஊர் ஆசிரியர்கள் தொலைபேசியில் கேட்பவையும் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவையாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்குத் தொகுத்திருக்கிறேன். நான் மனநல மருத்துவம் படித்தவள் இல்லை. வகுப்பறையில் கண்டதையும், அதைப் புரிந்துகொள்வதற்காகப் படித்ததையும் கொண்டே விடை சொல்கிறேன்.

எம் பொண்ணுக்கு ஏழு வயசு. மூணு மாசம் குதிச்சுக்கிட்டுப் போனா. இப்ப வியாழக்கிழமை வந்தாலே வயித்து வலிங்கிறா. சோம்பேறித்தனமா, வேற ஏதாவதா?

வயிற்று வலி பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிறு பிள்ளைகளிடம் அச்சம் வயிற்று வலியாகவும் தலைவலியாகவும் வெளிப்படுவது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. முதலில் மருத்துவரிடம் காட்டி உடலில் குறையில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு, வகுப்பு விடுமுறையாக இருக்கும் வியாழக்கிழமைகளிலும் அந்த வலி வருகிறதா என்று கவனியுங்கள்.

"ஏன் போக மாட்டேங்கிற?" என்று கேட்டால் "தெரியல" என்ற பதில்தான் கிடைக்கும். "நீ தப்பா ஆடினா மிஸ் என்ன செய்வாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு சிறுமியிடம் நான் இப்படிக் கேட்டபோது அவள் வாய் திறக்கவில்லை. எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்து, உதட்டைச் சுழித்து, தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டிக் காட்டினாள். அபிநயம் அவ்வளவு துல்லியமாக இருந்தது! பிள்ளை தவறு செய்த அடுத்த நிமிடத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில்தான் ஒரு வகுப்பின் இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். கீழே வரும் பல விடைகளில் அந்த நிமிடத்துக்கே திரும்பி வருவேன்.

சில வேளைகளில் காரணம் மிகச் சிறியதாகவும் இருக்கும். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டு ஆடிய பிள்ளையை எனக்குத் தெரியும். அவளுக்கு உண்மையிலேயே வயிறு வலித்தது.

ஒரு வருஷமா தட்டடவு, நாட்டடவுன்னே போகுது. பாட்டுக்கு எப்ப ஆட விடுவாங்க? பிள்ளைக்குச் சலிப்பு வராதா?

அடவு என்பது பரதத்தின் அடிப்படை அசைவு. பல பாணிகளில் காலைத் தட்டி ஆடும் தட்டடவு மட்டுமே எட்டு வகை. ஒவ்வொன்றையும் அரைமண்டியில், அதாவது முழங்கால்களை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி அமர்ந்தபடி நின்று, மூன்று காலங்களிலும் (வேகங்களிலும்) ஆடப் பழக வேண்டும். வளர்ந்தவர்களால் ஐந்து நிமிடம்கூட நிற்க முடியாத நிலை அது. எனவே ஓராண்டு என்பது நீண்ட காலமில்லை. அவசரப்பட்டுப் பாட்டுக்குப் போகும் பிள்ளைகள் பிற்பாடு முழங்கால் வலியோடு என்னிடம் வருகிறார்கள்.

ஆனால் சலிப்பு திரும்பத் திரும்ப ஆடுவதால் மட்டும் வருவதில்லை. தன் வளர்ச்சி தன் கண்ணுக்குத் தெரியாமல் போகும்போதுதான் பிள்ளை சலித்துப் போகிறது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1985இல் நூலாக வெளியிட்ட கோட்பாட்டின்படி, ஒரு செயலில் மனம் தானாக ஊன்றுவதற்கு மூன்று உணர்வுகள் தேவைப்படுகின்றன: என்னால் முடிகிறது, என் விருப்பத்துக்கும் இங்கே இடமுண்டு, இவர்களுக்கு நான் வேண்டியவள். பிரிட்டனில் எலினார் குவெஸ்டெட், ஜோன் டூடா ஆகியோர் நடன மாணவர்களிடையே ஆராய்ந்தபோதும், ஆசிரியர் உருவாக்கும் சூழல் இந்த மூன்றையும் நிறைவு செய்யும் அளவுக்கு மாணவர்களின் மனநலம் சீராக இருப்பதையே கண்டனர்.

முதல் உணர்வுக்காக நான் செய்வது எளிய வேலைதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. வகுப்பு முடிவில் அவர்களே ஒரு வரி எழுத வேண்டும். "இன்னிக்கு ஆறாவது தட்டு வரைக்கும் மண்டி எழும்பல" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். முந்தைய வாரம் அதே நோட்டில் "நாலாவது தட்டு" என்று இருந்தது. அவளுக்கு அன்று வேறு ஊக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

எங்க மேடம் பாராட்டவே மாட்டாங்க. பாராட்டினா தலைக்கனம் வந்துடுமாம். சரியா?

பாதி சரி. கிளாடியா மியூல்லர், கேரல் டுவெக் ஆகிய இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து வந்த கடினமான புதிர்களில் தோற்றதும் எளிதில் துவண்டனர். "நன்றாக முயன்றாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் தாக்குப்பிடித்தனர். "உனக்கு ரத்தத்துலயே நாட்டியம் இருக்கு" என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை தடுமாறும் நாளில் ரத்தத்தையே சந்தேகப்படுகிறது.

ஆகவே பாராட்டு நடந்த செயலைக் குறித்ததாக இருக்க வேண்டும். "சபாஷ்" என்பதைவிட, "இந்தத் தடவை பார்வை கையோடு போச்சு" என்பது பிள்ளைக்குக் கூடுதலாக உதவும். ஒட்டுப்படம், நட்சத்திரம், சாக்லேட் ஆகியவற்றில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் கொண்ட மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தபோது, பிற்பாடு அவர்கள் தாமாக வரையும் நேரம் குறைந்தது என்பது 1973இல் வெளியான புகழ்பெற்ற சோதனையின் முடிவு.

முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அந்தக் காலத்து நாட்டிய ஆசான்கள், அதான் நட்டுவனார்கள், தாளம் தட்டற தட்டுக்கழியை வீசுவாங்களாம். அப்படித்தானே பெரிய கலைஞர்கள் வந்தாங்க?

முருங்கை ஒடித்தால் தளிர்க்கும் மரம். அது முருங்கையின் இயல்பு. வாழையை ஒடித்துப் பார்த்தவர் யாரும் பழமொழி சொல்லவில்லை. மேடையில் ஒளிரும் ஒருவரைக் காட்டி அடி பலித்தது என்கிறோம். அதே வகுப்பில் அதே அடியை வாங்கி, பதினான்கு வயதில் சலங்கையைப் பரணில் போட்டுவிட்டுப் போனவர்களை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

எனக்குக் கற்பித்தவரும் தட்டுக்கழியை ஓங்குபவர்தான். வர்ணம் என்ற நீண்ட உருப்படியில், ஒரு தீர்மானத்தில் (தாளக் கோவையை முடிக்கும் அசைவுத் தொடரில்) நான் தொடர்ந்து தாளம் தவறியபோது கணுக்காலில் ஓர் அடி விழுந்தது. அதன்பின் அந்த இடத்தில் தாளம் தவறியதே இல்லை என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் பல ஆண்டுகள் வரை, அந்தத் தீர்மானம் நெருங்கும்போதெல்லாம் என் கண் தானாகத் தரைப் பக்கம், அவர் கழி கிடக்கும் இடத்துக்குப் போகும். தாளம் வந்தது, முகத்தில் பாவம் (உணர்ச்சி வெளிப்பாடு) வரவில்லை. அடிக்கு அஞ்சிய உடல் பிழையைத் தவிர்க்கக் கற்றுக்கொள்ளும், ஆனால் அதே வேளையில் ஆடுவதற்குக் கற்றுக்கொள்ளாது.

பழைய மேதைகளைச் சொல்லும்போது அவர்கள் வளர்ந்த சூழலையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பரதக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு (1918–1984) ஆசான் கந்தப்பப் பிள்ளை. ஏழு வயதில், 1925இல், காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம். கண்டிப்பான பயிற்சிதான். ஆனால் அந்தச் சிறுமியின் பாட்டி வீணை தனம்மாள், தாயார் ஜயம்மாள் பாடகி. எழுந்தால் சங்கீதம், உறங்கினால் சங்கீதம். கலையும் கலைஞர்களும் உறவாகச் சூழ்ந்திருந்த வீட்டில் விழுந்த கண்டிப்பு அது. வாரம் இருமுறை ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் வந்து இறங்கி, ஒரு மணி நேரம் மட்டும் பார்க்கும் ஓர் அயலாரிடம் திட்டு வாங்கிப் போகும் பிள்ளைக்கு அந்தப் பின்புலம் இல்லை. மேலே சொன்ன மூன்று உணர்வுகளில் கடைசியானது அவளுக்கு இன்னும் ஏற்படவே இல்லை.

இதனால் கண்டிப்பே கூடாது என்று ஆகிவிடாது. "குதிகால் தரையில் படவில்லை, மறுபடி" என்று பதினைந்து முறை சொல்வது கண்டிப்பு. "உனக்கெல்லாம் எதுக்கு நாட்டியம்?" என்று ஒரே ஒரு முறை சொல்வது அவமானம். முன்னது காலைப் பார்த்துச் சொல்வது, பின்னது பிள்ளையைப் பார்த்துச் சொல்வது.

என் மகளை எப்பவும் கடைசி வரிசையில நிறுத்துறாங்க. "அவளைப் பார்த்து ஆடு"ன்னு வேற சொல்றாங்க. போட்டி இருந்தாத்தானே முன்னேறுவா?

வரிசை நிரந்தரமாக இருந்தால் அது தீர்ப்பாகிவிடுகிறது. முன்னால் நிற்பவள் இடத்தை இழக்க அஞ்சுகிறாள்; பின்னால் நிற்பவள் முயல்வதை நிறுத்துகிறாள். உளவியலில் இதைச் சூழலின் இருவகையாகப் பிரிக்கிறார்கள். ஒன்றில் நேற்றைய என்னோடு என்னை ஒப்பிடுகிறேன். மற்றொன்றில் பக்கத்தில் நிற்பவளோடு ஒப்பிடுகிறேன். இரண்டாவது வகைச் சூழலில் பதற்றமும் பிழை பற்றிய அச்சமும் மிகுதி என்பதே நடன மாணவர்களிடம் செய்த ஆய்வுகளிலும் தெரிகிறது.

நான் ஒவ்வோர் அடவு முடிந்ததும் வரிசையைச் சுழற்றுகிறேன். முதல் வரிசை பின்னால் போகும். இதில் எனக்கும் ஓர் ஆதாயம் உண்டு: கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளையின் முழங்கால் உள்நோக்கி மடிவதை இப்படித்தான் கண்டுபிடித்தேன். அதுவரை அவள் ஆர்வமில்லாதவள் என்று நினைத்திருந்தேன்.

பதிமூணு வயசு. "கொஞ்சம் எடையைக் குறை, காஸ்ட்யூம் நல்லா நிக்கும்"னு மிஸ் எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாங்க. அன்னிலேர்ந்து ராத்திரி சாப்பிட மாட்டேங்கிறா.

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடனக் கலைஞர்களைக் குறித்து 1966 முதல் 2013 வரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஆய்வு, அவர்களில் 12 விழுக்காட்டினரிடம் உணவுண்ணும் முறையில் நோய் அளவுக்குக் கோளாறு இருந்ததாகக் கணக்கிட்டது. பாலே ஆடுபவர்களில் அது 16.4 விழுக்காடு. பரதத்துக்கு இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் கண்ணாடி, இறுக்கிக் கட்டும் உடை, உடலைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் ஆசிரியர் ஆகிய மூன்றும் நம்மிடமும் உண்டு.

ஆசிரியரைத் தனியே சந்தித்து, உடலைப் பற்றிய பேச்சு வேண்டாம் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சு வாங்குகிறது என்றால் பயிற்சியை மாற்றலாம். உடை நிற்கவில்லை என்றால் தையற்காரரிடம் கொடுக்கலாம். பிள்ளை இரண்டு வாரங்களுக்கு மேல் உணவைத் தவிர்த்தாலோ மாதவிலக்கு நின்றாலோ மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

பையன் நாட்டியம் கத்துக்கிறான். ஸ்கூல்ல கேலி பண்றாங்க. டீச்சர் என்ன செய்ய முடியும்?

வகுப்புக்குள் கேலி நுழையாமல் பார்த்துக்கொள்ள முடியும். இக்கலையின் பெரிய நட்டுவனார்கள் பெரும்பாலும் ஆண்கள். இன்று நாம் ஆடும் மார்க்கத்துக்கு, அதாவது கச்சேரியில் உருப்படிகள் வரும் வரிசைமுறைக்கு, வடிவம் கொடுத்த தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் உடன்பிறந்த சகோதரர்கள். இதை அவனுக்கு மட்டும் ஆறுதலாகச் சொல்லாமல் வகுப்பு முழுவதற்கும் பாடமாகவே சொல்லுங்கள்.

"ஏன் மிஸ் இப்படி?"ன்னு கேட்டா எதிர்த்துப் பேசுறியான்னு கோபப்படுறாங்க. குருகிட்ட கேள்வி கேக்கிறது மரியாதைக் குறைவா?

நம் மரபு அப்படிச் சொல்லவில்லை. நன்னூல், வினாதலையும் வினவியவற்றுக்கு விடை கூறுதலையும் மாணவனின் கடமைகளில் சேர்த்திருக்கிறது. ஆசிரியராகத் தகாதவருக்கு அது தரும் உவமைகளில் ஒன்று மடற்பனை. தானாக விழும் பழத்தை எடுத்துக்கொள்ளலாம். ஏறிப் பறிக்க விடாது. இன்றைய வகுப்புகளிலும் சில மடற்பனைகள் உண்டு.

அடவில் விருப்பத்துக்கு இடமில்லை என்பது உண்மை, அரைமண்டி அரைமண்டிதான். ஆனால் அபிநயத்தில் நிறைய இடமிருக்கிறது. வெண்ணெய் திருடிய கண்ணன் யசோதை முன் எப்படி நிற்பான் என்று கேட்டால், பத்துப் பிள்ளைகள் பத்து விதமாக நிற்பார்கள். ஒருத்தி கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். இன்னொருத்தி வாயைத் துடைத்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அதை நான் கற்றுத்தந்திருக்கவே முடியாது. இரண்டாவது கேள்வியின் விடையில் சொன்ன "என் விருப்பத்துக்கும் இங்கே இடமுண்டு" என்ற உணர்வு இத்தகைய இடங்களில்தான் பிறக்கிறது.

அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. அதுக்குள்ள அரங்கேற்றம் முடிச்சிடலாம்னு மேடம் சொல்றாங்க. பொண்ணு தூக்கத்துல அடவு சொல்றா. தள்ளிப்போடலாமா?

தள்ளிப்போடலாம். சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டில் அரங்கேறினாள். அவளுக்குப் பொதுத்தேர்வு இல்லை. ருக்மிணி தேவி அருண்டேல் முதன்முதலாகப் பரதம் ஆடிய 1935இல் அவருக்கு வயது 31. இந்தக் கலையில் பதினைந்து வயது என்பது கதவு சாத்தும் நேரமில்லை.

அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான ஒரு மார்க்கத்தை இரண்டு, மூன்று மணி நேரம் தனியொருத்தியாக ஆடுவது மனத்துக்கும் பெரிய சுமை. அதோடு மண்டபம், பக்கவாத்தியம், உடை, விருந்து எனச் செலவு லட்சங்களில் போகும்போது, "இவ்வளவு செலவு பண்ணியிருக்கோம்" என்ற சொல் வீட்டில் எப்படியாவது விழுந்துவிடும். அதைச் சொல்லாதீர்கள். பிள்ளை அதற்குப்பின் மேடையில் நடனத்தை ஆட மாட்டாள், கடனை ஆடுவாள்.

அரங்கேற்றம் முடிந்ததும் பலர் நிறுத்திவிடுவதற்கும் காரணம் இதுவே. ஓராண்டாக எல்லாப் பேச்சும் ஒரு மாலைப்பொழுதைப் பற்றியதாகவே இருந்தால், மறுநாள் காலையில் வகுப்புக்கு வர ஒரு காரணமும் இருக்காது. நான் அரங்கேற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே, அன்று ஆடப்போகாத ஒரு பதத்தை (அபிநயத்துக்கான பாடலை)த் தொடங்கிப் பாதியில் நிறுத்தி வைப்பேன். மீதியைத் தெரிந்துகொள்ள அவர்கள் வருகிறார்கள்.

நீங்க சொல்ற மாதிரி அன்பா நடத்துற கிளாஸ்லதான் சேர்த்தோம். ரெண்டு வருஷம் ஆச்சு, ஒண்ணுமே கத்துக்கல. அவளே போரடிக்குதுங்கிறா.

அன்பு மட்டும் இருந்து பாடம் இல்லாத வகுப்பும் ஆர்வத்தைக் கொல்லும். எதைச் செய்தாலும் "சூப்பர்" என்று சொல்லும் ஆசிரியரைப் பிள்ளைகள் விரைவில் கண்டுகொள்கிறார்கள். தன்னைத் திருத்தும் அளவுக்குக்கூட ஆசிரியர் தன்னை ஒரு பொருட்டாகக் கருதவில்லை என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள், அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவமானம் கூடாது என்று மேலே சொன்னதைத் திருத்தமே கூடாது என்று படித்துவிடக் கூடாது. பிழையைக் காணாதது போல் கடந்து போகும் ஆசிரியரும், முதல் விடையில் சொன்ன அந்த அடுத்த நிமிடத்தைக் கைவிட்டவர்தான்.

நானும் டீச்சர்தான். முப்பது பிள்ளைங்க, ஒரு மணி நேரம், சின்ன ஹால். கத்தாம எப்படி நடத்துறது? அப்புறம் ராத்திரி வருத்தமா இருக்கு.

வருத்தம் வருகிறதே, அதுவரை நல்லது. பெரும்பாலும் நாம் கற்ற விதத்திலேயே கற்பிக்கிறோம். களைத்திருக்கும் மாலையில் நம் ஆசிரியரின் குரலே நம் வாயிலிருந்து வருகிறது. முப்பது பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு ஆடும்போது மற்றது உட்கார்ந்து சொற்கட்டு (அடவுக்குரிய தாளச் சொற்கள்) சொல்லித் தாளம் போடட்டும். ஒரு சுற்றில் ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்லுங்கள். முழங்கை என்றால் அந்தச் சுற்று முழுவதும் முழங்கை மட்டுமே. கோபம் ஏறும்போது தட்டுக்கழியை, அதைத் தட்டும் மனைக்கட்டையின்மேல் வைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கையைத் தொட்டுத் திருத்துமுன் "தொடட்டுமா?" என்று கேளுங்கள்.

கத்திவிட்டால், அடுத்த வகுப்பில் எல்லார் முன்னிலையிலும், "போன வாரம் நான் கத்தினது தப்பு" என்று சொல்லலாம். முதல்முறை சொன்னபோது எனக்கு நாக்கு எழவில்லை. மரியாதை போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை.

எதுவரைக்கும் கண்டிப்பு, எதுக்கு மேல குற்றம்?

அடிப்பது, பிறர் முன் திரும்பத் திரும்ப இழிவுபடுத்துவது, வலியையும் காயத்தையும் மறைத்து ஆடச் சொல்வது, சாதியையோ நிறத்தையோ இழுப்பது, வீட்டில் சொல்லாதே என்பது ஆகியவை கண்டிப்பு அல்ல. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 75ஆம் பிரிவின்படி, பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்குத் தேவையற்ற உடல் துன்பமோ மனத்துன்பமோ விளைவிப்பது தண்டனைக்குரியது. பாலியல் சீண்டல் என்றால் போக்சோ சட்டம் 2012 பொருந்தும். அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

ஆசிரியரை மாத்தினா குரு துரோகம்னு மாமியார் சொல்றாங்க. பழைய மிஸ்ஸும் ஆசீர்வாதம் பண்ண மாட்டேன்னுட்டாங்க. என்ன பண்றது?

முந்தைய விடையில் சொன்னவை நடந்திருந்தால் ஆசீர்வாதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்படி இல்லாமல் வெறும் பொருத்தக் குறைவு என்றால், பழம், வெற்றிலை பாக்கோடு போய் நேரில் சொல்லி விடைபெறுவதே முறை. அவர் முகம் திருப்பினாலும் பிள்ளை முறையாக விடைபெற்றதாக உணர்வாள். பாணி மாறினால் புதிய ஆசிரியர் மீண்டும் தட்டடவிலிருந்து தொடங்கக்கூடும். அது தண்டனை இல்லை என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இப்படி மாறி வந்த ஒருத்தி, முதல் நாள் நாட்டடவு ஆடும்போது ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கணம் நின்று என் கையிலிருந்த கழியைப் பார்த்துவிட்டே அடுத்த காலை நீட்டினாள். அடுத்த வகுப்பிலிருந்து அவள் குழுவுக்கு நான் கையால் தாளம் போட்டேன். ஆறாவது வாரம், இடக்காலுக்குப் பதில் வலக்காலை நீட்டிவிட்டு, "ஐயோ மிஸ், திரும்ப முதல்லேர்ந்து" என்று அவளே சொல்லி மண்டியில் உட்கார்ந்தாள். அன்று மாலை அழைத்துப்போக வந்த அவள் தாயாரிடம், அடுத்த வாரம் இரண்டாம் காலம் தொடங்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.